பெரிய கங்காணியின் மோட்டாரில் ஒழுக்கு

பெரிய கங்காணி உடையப்பன் மோட்டாரை விட்டு இறங்கி, சுங்காய்ப் பாசார்க் கடைத்தெருவில் நாலடி நடந்த பிறகுதான் அவருடைய வேட்டியின் பின்புறம் நனைந்திருப்பதை டிரைவர் யேசுதாசன் பார்த்தான்.

உள்ளங்கை அகல ஈரம்தான். இருந்த இடம்தான் வில்லங்கம்.

தலையில் ஜரிகைத் தலைப்பாகை, உடம்பில் கறுப்புக் கோட்டு, கோட்டில் தங்கச் சங்கிலி, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு என்று மேலிருந்து மரியாதையாக இறங்கி வந்த ஊர்க்கண்கள், கடைசியில் அந்த ஈரத்தில் வந்து குடியேறின. காய்கறிக் கடையில் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை.

"ஐயா," என்று பின்னாலேயே ஓடினான் யேசுதாசன்.

"என்னடா?"

"கொஞ்சம் திரும்பிருங்க ஐயா. இல்லே, திரும்பாதீங்க. ரெண்டுல எது நல்லதுன்னு எனக்குத் தெரியலே."

உடையப்பன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். முகம் புளியங்காய் கடித்ததுபோல் ஆனது. கோட்டைக் கீழே இழுத்தார். கோட்டு அவ்வளவு தூரம் வருவதாக இல்லை.

"மோட்டார் ஒழுகுது ஐயா. நேத்து மழை."

"துரை ஓட்டினப்போ ஒழுகலையே?"

"துரை காக்கி போட்டிருந்தாரு ஐயா. ஒழுகியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

அது சாமானிய மோட்டார் இல்லை. ரப்பர் விலை கண்ணைமூடிக்கொண்டு ஏறிய 1925ஆம் வருஷத்தில், நாலாம் மைல் தோட்டத்துச் சின்னத்துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பந்தய மோட்டார். சிவப்பு நிறம். முதலை மாதிரி நீண்ட மூக்கு. மேலே மடக்கி விரிக்கும் கித்தான் கூரை. உள்ளே இரண்டே இருக்கைகள். உடையப்பனுக்கு அதில் மிகவும் பிடித்ததே அந்த இரண்டுதான். உறவுக்காரர் எவரும் "என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க" என்று வந்து நிற்க முடியாது.

விலைக்கு வாங்கியதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "துரை என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘உடையப்பன், இந்த வண்டியில உட்கார இந்த ஜில்லாவுல உனக்குத்தான் தகுதி’ன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போனாரு" என்பார். உட்காரத்தான். ஓட்ட அவருக்குத் தெரியாது.

ஓட்டுவதற்கு வந்தவன் யேசுதாசன். ஈப்போவில் ஒரு பட்டறையில் மூன்று வருஷம் மோட்டார் ரிப்பேர் பார்த்தவன் என்று சொல்லிக்கொண்டு வந்தான். பட்டறையில் மூன்று வருஷம் இருந்தது உண்மை. அங்கே மோட்டார்களைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆகவே தண்ணீரைப் பற்றி அவனுக்கு நன்றாகவே தெரியும்; மோட்டாரைப் பற்றித்தான் போகப்போகத் தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தான்.

வண்டி வந்த முதல் நாளே ஒரு விபத்து நடக்கப் பார்த்தது. மாட்டு வண்டிக் காலத்தில், கங்காணி வெளியே புறப்பட்டால் அவர் மனைவி மங்களம் ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். சமையற்காரி கருப்பம்மாள் இடுப்பில் நிறைகுடத்துடன் வாசலில் எதிரே வருவாள். நல்ல சகுனம். மாடு நின்று நிதானமாக அவளுக்கு வழிவிட்டுப் போகும். மோட்டாருக்கு அந்த நிதானம் இல்லை. கருப்பம்மாள் எதிரே வந்தாள். யேசுதாசன் ஹாரனை அமுக்கினான். குடம் ஆகாயத்துக்கும் கருப்பம்மாள் சாக்கடைக்கும் போனார்கள்.

"இனிமே எவளாச்சும் குடத்தோட என் மோட்டாருக்கு முன்னால வந்தா நடக்கறதே வேற!" என்று உடையப்பன் சத்தம் போட்டார். மங்களம் உருண்ட குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு புறப்பாடு ஒழுங்காகவே நடந்தது. மங்களம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பாள், மூக்குக்குச் சூடம் சுற்றுவாள், விளக்குகளுக்குப் பூச்சரம் கட்டுவாள். கங்காணியின் இருக்கைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கருப்பம்மாள் மஞ்சள் துணி மூடிய பூசைக் கூடையை வைப்பாள். யேசுதாசன் வேதக்காரன் ஆகையால் பூசைச் சாமானைத் தொடக்கூடாது. உடையப்பன் பெரிய கங்காணி ஆகையால் எந்தச் சாமானையும் தொட மாட்டார். இப்படி எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான் இந்த ஒழுக்கு.

"புதன்கிழமை பீடோர்ல கல்யாணம். அதுக்குள்ள அடைச்சிரு," என்றார் உடையப்பன்.

அடைப்பதற்கு ரப்பர் தோட்டத்தில் பஞ்சமா? யேசுதாசன் நேராக ரப்பர் ஸ்டோரில் வேலை செய்யும் அப்பாவுவிடம் போனான்.

"மச்சான், ஒரு வாளி பால் வேணும்."

"காப்பிக்கா?"

"மரத்துப் பால்டா. மோட்டார் ஒழுகுது."

இரண்டு பேருமாகக் கித்தான் கூரையின் தையல்களில் எல்லாம் ரப்பர் பாலைப் பூசினார்கள். தையலோடு நிறுத்த மனம் வராமல் உள்ளும் புறமும் முழுவதும் பூசினார்கள். காய்ந்ததும் யேசுதாசன் கங்காணியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவு பத்து வாளி தண்ணீரை ஊற்றினான்.

"விழுதா மச்சான்?"

"ஒரு சொட்டு இல்லே!"

"பூசறதுக்கு முன்னால ஊத்திப் பார்த்தியா?"

"இல்லே."

"பார்த்திருக்கணும் லா," என்றான் அப்பாவு. அந்தத் தோட்டத்தில் மோட்டாரைப் பற்றி யாராவது சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். யேசுதாசன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

புதன்கிழமை வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. கருப்பம்மாள் கூடையை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தாள். மோட்டார் புறப்பட்டது. பீடோர் போய்ச் சேருவதற்குள் வெயில் கூரையை வாட்டி எடுத்துவிட்டது. கல்யாணப் பந்தல் முன்னால், நாதஸ்வரம் முழங்க, உடையப்பன் குனிந்து இறங்கினார். தலைப்பாகை இறங்கவில்லை. உருகிய பாலில் ஒட்டிக்கொண்டு கூரையிலேயே தங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக அவருடைய வழுக்கையைத் தரிசித்தார்கள்.

தலைப்பாகையைப் பிய்த்தெடுக்க அவர் திரும்பியபோது மற்றதையும் தரிசித்தார்கள். இந்தத் தடவை தாம்பாள அகலம்.

"மழையே இல்லையேடா! இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"கித்தான் பழைய மழையைக் குடிச்சு வெச்சிருக்கும் ஐயா. வெயில் பட்டதும் கக்குது."

"அப்ப உன் சீட்டு மட்டும் ஏன் காஞ்சு கிடக்கு? முதலாளி யாரு, டிரைவர் யாருன்னு பார்த்துத்தான் ஒழுகுமா?"

அன்று சாயங்காலம் முழுவதும் யேசுதாசன் யோசித்துக்கொண்டிருந்தது அதைத்தான். தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை என்றால் கீழேயிருந்துதான் வரவேண்டும். மோட்டாருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். அடிப்பலகையில் வரிசையாக ஐந்து ஓட்டைகள்! பாதையில் கிடக்கும் தண்ணீரைச் சக்கரம் அடித்து, அது இந்த ஓட்டை வழியாக ஏறி... எல்லாம் விளங்கிவிட்டது. ஐந்தையும், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை உருட்டி அடைத்து, மேலே பால் பூசி, சுத்தியலால் இறுக்கிவிட்டு, ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கினான்.

மறுநாள் தாப்பாவுக்குப் போகவேண்டியிருந்தது. பெரிய துரை வரச்சொல்லியிருந்தார். கருப்பம்மாள் கூடையை இடுப்பில் ஏந்திக்கொண்டு வந்து, "அப்பாடி" என்று வைத்தாள்.

தாப்பாவில் பெரிய துரை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். உடையப்பன் மோட்டார்க் கதவைத் திறந்தார். முதலில் தண்ணீர் இறங்கியது. பிறகுதான் கங்காணி இறங்கினார். பளபளப்பான சப்பாத்து அடிக்கு அடி "சளக், சளக்" என்று துரைக்கு வணக்கம் சொன்னது.

துரை தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் கேட்டார்: "உடையப்பன், நீ மோட்டார்ல வந்தது? படகுல வந்தது?"

வீடு திரும்பியதும் உடையப்பன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தார்.

"சனிக்கிழமை ஈப்போவுல கள் ஒழிப்புச் சபை ஆண்டுக்கூட்டம். நான்தான் தலைமை. பினாங்குலேருந்தெல்லாம் பெரிய மனுசங்க வாராங்க. ‘அடக்கம்’ங்கற விஷயத்தைப் பத்தி நான் பேசப்போறேன். அன்னிக்கு என் வேட்டியில ஒரு சொட்டு ஈரம் இருந்துச்சு, சாவியை வெச்சுட்டு அப்பிடியே நடையைக் கட்டு."

யேசுதாசனுக்குச் சாவி போனால் சாவியோடு போகாது. ஈப்போ ரயில்வேயில் வேலை பார்க்கும் மரியஜோசப், தன் மகள் எல்ஸியைக் கொடுக்க ஒப்புக்கொண்டதே "மாப்பிள்ளை மோட்டார் டிரைவர்" என்ற ஒரு வார்த்தைக்காக. மாட்டு வண்டிக்காரன் ஒருவனை ஏற்கெனவே வாசலோடு அனுப்பியவர் அவர். கோயிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலை வருகிற ஞாயிறு.

வெள்ளிக்கிழமை காலை அவன் கர்வத்தை விட்டுவிட்டு, சுங்காயில் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே ஆ லெங்கிடம் வண்டியைக் கொண்டுபோனான். ஆ லெங் கூரையை முகர்ந்து பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் பார்த்தார். பிறகு யேசுதாசனைப் பார்த்தார்.

"இது யாரு அடைச்சது?"

"ஓட்டை இருந்துச்சு தவுக்கே."

"ஓட்டை இல்லை லா! இது தண்ணி வெளியே போற வழி. நீ வாசலைப் பூட்டிட்டே, அப்புறம் விருந்தாளி போகலைன்னு அழுவறே."

ஐந்து ஓட்டையையும் திறந்தார். பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மோட்டாரை வெளுத்து வாங்கினார். கூரையில், கண்ணாடிக்குக் கீழே, கதவு இடுக்கில், சக்கரத்துக்கு மேலே என்று ஓர் இடம் பாக்கியில்லை. யேசுதாசன் உள்ளே உட்கார்ந்து கங்காணியின் இருக்கையைத் தடவிக்கொண்டே இருந்தான். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது.

"சுடா. முடிஞ்சது," என்று குழாயை மூடினார் ஆ லெங். "வண்டி ஒழுகலை."

"ஆனா ஐயா நனைஞ்சுதானே இறங்கறாரு?"

ஆ லெங் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார். "உன் ஐயாவுக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு."

"ம். என் மாமனாருக்கும் அந்த வயசுலதான் ஆரம்பிச்சது லா."

யேசுதாசன் திகைத்து நின்றான். பாசாரின் இருமலுக்கு இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. டிரைவர் சீட் காய்ந்திருந்தது. வெயிலிலும் ஒழுகியது. வண்டி சும்மா நிற்கும்போது ஒழுகவே இல்லை. தாப்பாவில் சப்பாத்து நிறைய வந்த தண்ணீர்தான் கொஞ்சம் உதைத்தது. பெரிய மனிதர்களுக்கு எல்லாமே பெரிய அளவில்தான் இருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? ஸ்டோரிலிருந்து நல்ல தடித்த ரப்பர் ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து கங்காணியின் இருக்கையில் விரித்தான். ஒழுகுவது வண்டியோ கங்காணியோ, ஒருவர் ஈரம் மற்றவருக்குப் போகாது.

"என்னடா இது?" என்றார் உடையப்பன், சனிக்கிழமை காலை.

"மெத்துனு இருக்கும் ஐயா."

கருப்பம்மாளும் அவள் தங்கை மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மங்களம் இரண்டு தடவை சூடம் சுற்றினாள். மோட்டார் கிளம்பியது.

கம்பார் வரை ஒன்றுமில்லை. உடையப்பன் ‘அடக்கம்’ பேச்சை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கோப்பேங் வளைவுகளில் வண்டி அப்படியும் இப்படியும் ஆடியது. கடைசி வளைவில் ஓர் எருமை நடுப்பாதையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. யேசுதாசன் பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

உடையப்பனின் முணுமுணுப்பு நின்றுவிட்டது. ரப்பர் ஷீட் அவருடைய கனத்துக்குக் குழிந்து, அழகான தொட்டியாகி, வந்த தண்ணீரை ஒரு சொட்டுக்கூடக் கீழே விடாமல் ஏந்திக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டியின் நடுவில் பெரிய கங்காணி.

"யேசுதாசா."

"ஐயா?"

"ஒண்ணுமில்லே. ஓட்டு."

ஒரு மைல் போன பிறகு மறுபடி அந்தக் குரல் வந்தது. அதில் பிரம்பும் இல்லை, தங்கச் சங்கிலியும் இல்லை.

"டேய், அந்தச் சீனன் வண்டி ஒழுகலைன்னு சொன்னானாமே?"

யேசுதாசன் பாதையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எங்கப்பாவுக்குக் கடைசி காலத்துல இப்பிடித்தான்," என்றார் உடையப்பன். "அவருக்குத் தெரியாமலே..." தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஈப்போவில் கூட்டம் நிரம்பி வழிந்தது. உடையப்பன் இறங்கியதும் ஒரு காரியம் செய்தார். மோட்டாருக்கு முதுகைக் கொடுத்து நின்று, இரு கையையும் கூப்பினார். மாலையை அப்படியே வாங்கிக்கொண்டார். பிறகு கூப்பிய கையோடு, வெளியே திரண்டிருந்த சனங்களைப் பார்த்தபடியே வாசல் பக்கம் நகர்ந்து, ஓரடி ஓரடியாகப் பின்னால் நடந்து மண்டபத்துக்குள் போனார். படியில் இடறினார், கையைப் பிரிக்கவில்லை. மேடைவரை யாருக்கும் முதுகு காட்டவில்லை.

"பார்த்தியா! இவ்வளவு பெரிய கங்காணி, கூடியிருக்கிறவங்களுக்கு முதுகு காட்ட மாட்டேங்கறாரு. இதுதான் அடக்கம்!" என்று முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சை உடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார். ஐந்தே நிமிஷம். அதற்கும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து அதேபோல் பின்நடையாக அவர் வெளியேறியபோது, சபைக் காரியதரிசி ஜெயபாலன் மட்டும் பின்னால், அதாவது வாசல் பக்கம், நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். காதோரம் குனிந்து, "கங்காணியாரே, நெருஞ்சில் கஷாயம். ஒரு மண்டலம். எனக்குக் கேட்டுச்சு," என்றார்.

திரும்பி வரும் ஐம்பது மைலும் உடையப்பன் மாலையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வந்தார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. உடையப்பன் இறங்கவில்லை.

"இப்பச் சொல்லு. ஒழுகறது வண்டியா, நானா?"

யேசுதாசன் எண்ணிப் பார்த்தான். வண்டி என்றால் அவனுக்கு வேலை தெரியவில்லை, சாவியை வைக்கவேண்டும். வண்டி இல்லை என்றால் மூன்றாம் ஓலையும் உண்டு, எல்ஸியும் உண்டு. அவன் பக்கவாட்டில் பார்த்தான். மாலை வாடித் தொங்க, வழுக்கைத் தலையோடு, ஈர வேட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பெரிய கங்காணி.

"வண்டிதான் ஐயா," என்றான்.

"பொய் சொல்லாதே."

"நிசமா ஐயா. அந்தத் தவுக்கேக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு அதைவிட ஒண்ணும் தெரியாது. ஈப்போவுல நான் ரிப்பேர் பார்க்கலே. மோட்டார் கழுவிக்கிட்டிருந்தேன். தெரிஞ்சவனா இருந்தா முதல் நாளே ஓட்டையைக் கண்டுபிடிச்சிருப்பான். உங்க உடம்புக்கு ஒரு குறையும் இல்லே."

சாவியைக் கழற்றி இருவருக்கும் நடுவே வைத்தான்.

உடையப்பன் சாவியையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கருப்பம்மாள் வந்து, அவருடைய இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு, மூச்சைப் பிடித்துக் கூடையைத் தூக்கினாள். மஞ்சள் துணியை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்படியே வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அம்மோவ்! சொம்பு பத்தலேன்னு தவலை வெச்சோம், தவலை பத்தலேன்னு சின்னக் குடம் வெச்சோம், இன்னிக்கு இவ்வளவு பெரிய நிறைகுடம் வெச்சும் ஊர்க்கண்ணு பாதித் தண்ணியைக் குடிச்சிருச்சு. அடுத்த பயணத்துக்கு அண்டாவையே வெச்சிரலாமா?"